நாங்க மூணு பேர்தான் போறோம்

என் மகள் என் கையில் தூங்கமாட்டாள். பத்து மாதம் ஆகியும் அப்படித்தான் இருந்தாள். பால் குடிப்பாள், சிரிப்பாள், என் மூக்குத்தியைப் பிடித்து இழுப்பாள். தூக்கம் வந்துவிட்டால் மட்டும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அத்தையைத் தேடி அழுவாள். பெற்றவள் இதை வெளியில் சொல்லக்கூடாதாம். ஏன் சொல்லக்கூடாது? இதற்காகத்தான் நான் ஐரோப்பாவுக்கே போனேன். மலையும் ஏரியும் பார்க்கப் போனதாக எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். திருவண்ணாமலையில் இருப்பவளுக்கு மலை பார்க்க விமானம் எதற்கு?

அத்தை என்றால் என் கணவரின் அக்கா, எனக்கு நாத்தனார். கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. கணவரும் போய்ச்சேர்ந்த பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கல்யாணமாகி வந்தபோதே அவர் இங்கேதான் இருந்தார். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகளை ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுகிறோம். அவர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்துவருவது, திரும்பக் கொண்டுபோய் விடுவது எல்லாம் என் கணவரின் டாக்சிதான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் நான் கேட்காத பேச்சில்லை. ஆனால் நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். அவர் எனக்காக வேண்டிக்கொண்டார். குழந்தை பிறந்தால் கரும்புத் தொட்டில் போட்டு மாடவீதி சுற்றிவருகிறோம் என்று.

வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு எங்கள் ஊரில் இதைத்தான் செய்வார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, பிள்ளையை அதில் கிடத்தி, அப்பா முன்னாலும் அம்மா பின்னாலும் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றிவரவேண்டும். தீபத் திருவிழா நாட்களில் வீதி பூராவும் கரும்பும் குழந்தையுமாக வரும்.

மகள் ஆவணியில் பிறந்தாள். கார்த்திகைக்குள் என் சிசேரியன் தையல் நன்றாகவே ஆறியிருந்தது. ஆனால் புறப்படும் நேரத்தில் நாத்தனார், "வயித்தக் கிழிச்ச ஒடம்பும்மா. பாரம் தூக்கக் கூடாது. நீ சும்மா கூட வா, நான் புடிச்சிக்கிறேன்" என்று கரும்பின் பின்முனையைத் தன் தோளில் வைத்துக்கொண்டார். முன்னால் என் கணவர். நான்? எல்லாருடைய செருப்பையும் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வழியில் ஓர் அம்மாள் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தினி வருசம் கழிச்சி பொறந்துது?" என்று நாத்தனாரைக் கேட்டாள். "ஒம்போது வருசம்மா" என்றார் நாத்தனார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அடிவயிறு எரிந்தது. தையலால் இல்லை.

அதன் பிறகு எல்லாமே அப்படித்தான் ஆனது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவர். சாம்பிராணி காட்டுவது அவர். எனக்குப் பால் கம்மி, அதனால் பாதி நேரம் புட்டிப்பால், அதைக் கொடுப்பதும் அவர். சாயங்காலம் ஆனால் தூளியில் போட்டு, கயிற்றை ஆட்டிக்கொண்டே பாடுவார். நல்ல குரல் வேறு. "நீ போய்ப் படும்மா, ஒடம்பு தேறட்டும்" என்பார். நானும் போய்ப் படுத்தேன், அடுத்த நாளும் படுத்தேன். என் உடம்பு தேறி எழுந்து பார்த்தபோது, என் குழந்தைக்கு அம்மா என்றால் பால்காரி என்ற அளவில் நின்றிருந்தேன்.

மாடியில் வருடா வருடம் குளிர்காலத்துக்கு வரும் ஒரு ஜெர்மன் தம்பதி இருக்கிறார்கள். அந்த மனிதர் ஓய்வுபெற்ற தச்சர். தன் ஊரில் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எல்லாம் தன் கையாலேயே செய்து அதை ஒரு வீடாக்கி வைத்திருக்கிறார். வரும் ஜூனில் அவர் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, வண்டி சும்மாதான் நிற்கப்போகிறது, வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொண்டு சுற்றுங்கள் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கணவர் கீழே வந்து அதை ஒரு வேடிக்கை மாதிரி சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"போலாங்க" என்றேன்.

"எங்க?"

"அந்த வண்டிலதான். கொழந்தயத் தூக்கிக்கிட்டு."

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. யப்பா, என்னென்ன கேள்வி! எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "வண்டிலயே சமையலு, வண்டிலயே படுக்கையா? கைக்கொழந்தய வச்சிக்கிட்டு இன்னாம்மா இது கூத்து?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பிறந்தது அடி அண்ணாமலையில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வீட்டு வாசலில் வேன்கள் வந்து நிற்கும். ஆந்திராவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, ரோட்டோரம் அடுப்பை மூட்டி, சோறு வடித்து, பிள்ளையை வேன் சீட்டில் போட்டுத் தட்டித் தூங்கவைத்துவிட்டு மலை சுற்றப் போவார்கள். அவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தான். "சாமிக்குன்னா வண்டில படுக்கலாம், எனக்குன்னா படுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். எதிர்வீட்டு அம்மா பிறகு கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

தெருவைச் சமாளிப்பது பெரிய காரியமில்லை. நாத்தனார்தான். பல் முளைக்கிற நேரம், சளி பிடிக்கும், தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று தினமும் ஒரு காரணம் சொன்னார். கடைசியில் அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். "சரி, போறதுன்னா நானும் வரேன். கொழந்தய யாரு பாத்துக்கறது?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார். தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்த அக்கா. அவர் வாயிலிருந்து எந்தப் பதிலும் வராது என்று எனக்குத் தெரியும்.

"இல்லீங்க அண்ணி. நாங்க மூணு பேர்தான் போறோம்" என்றேன்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "ஒரு ராத்திரி தூங்க வப்பியா நீ? ஒரே ஒரு ராத்திரி? தூங்க வச்சிட்டு எனக்கு போன் பண்ணு, பாக்கலாம்."

"பண்றேங்க அண்ணி" என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன். சமையலறைக்குப் போன பிறகுதான் யோசித்தேன். தூங்கவைக்க முடியாவிட்டால்? இங்கே முடியாததற்கு நாத்தனாரைக் காரணம் சொல்லலாம். அங்கேயும் முடியாவிட்டால் யாரைச் சொல்வது?

போனோம். விசாவுக்குத் தச்சர் கடிதம் அனுப்பினார், டிக்கெட்டுக்கு என் வளையலை அடகு வைத்தோம். தச்சர் வீட்டு வாசலில் அந்த வெள்ளை வேன் நின்றது. கூரையைத் தூக்கினால் மேலே இன்னொரு படுக்கை. அங்கே வண்டி வலப்பக்கம் போகவேண்டும் என்பதால் கணவர் முதல் நாள் முழுவதும் "சோத்தாங்கைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினார். மகள் பின்னால் குழந்தை இருக்கையில் கட்டுண்டு கத்திக்கொண்டே வந்தாள். சத்துமாவு, கேழ்வரகு மாவு, பூண்டு, சீரகம் என்று ஒரு பெட்டி நிறைய நான் கொண்டுவந்திருந்தேன். கூடவே என்னுடைய பழைய வாயில் புடவை ஒன்று. தூளிக்கு.

முதல் நாள் சாயங்காலம் காட்டோரம் வேன்கள் நிறுத்தும் ஓர் இடத்தில் தங்கினோம். மேல்படுக்கையின் சட்டத்தில் புடவையைக் கட்டித் தூளியாக்கினோம். தச்சர் செய்த சட்டம், யானையைத் தொங்கவிட்டாலும் தாங்கும். பிள்ளையைப் போட்டு, நாத்தனார் ஆட்டுவது போலவே வேகமாக ஆட்டினேன். தூளி எங்கே ஆடியது? வண்டிதான் ஆடியது. அலமாரியில் தட்டுகள் தடதடத்தன. மொத்த வேனும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து கிறீச்சிட்டது. வெளியே இன்னும் வெளிச்சம். அந்த ஊரில் ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கும் சூரியன் இறங்குவதில்லை. கொஞ்ச நேரத்தில் கணவர் தண்ணீர் பிடிக்க இறங்கினார். பக்கத்து வேனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக் கண்ணடித்தாராம். இவர் முகமெல்லாம் சிவந்து தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்தார்.

"தூளிய அவுத்துடு" என்றார்.

"கொழந்த தூங்கணும்ல?"

"மானம் போவுது. அவுத்துடு."

சிரிக்கலாம் என்றால் மகள் விடவில்லை. முகம் நீலம் பாய அழுதாள். தோளில் போட்டேன், நடந்தேன், நாத்தனார் பாடும் பாட்டையே பாடினேன். பாட்டு கேட்டதும் இன்னும் அதிகமாக அழுதாள். பாட்டு சரி, ஆள் தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். கடைசியில் என் கணவர் அந்தக் காரியத்தைச் செய்தார். போனை எடுத்து அக்காவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார். நம் ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. ஒரே மணியில் எடுத்தார் நாத்தனார். எழுந்து உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்! "என் தங்கமே, தூக்கம் வரலயா?" என்று பாட ஆரம்பித்தார். குழந்தை அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டது.

"பாத்தியா?" என்றார் நாத்தனார், போனில். என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சொன்னது எனக்கு.

அதற்கப்புறம் தினமும் இதே கதை. பகலெல்லாம் நான் அம்மா. புல்வெளியில் விளையாட்டு, ஏரித் தண்ணீரில் கால் நனைப்பது, ரசம் சாதம் பிசைந்து ஊட்டுவது எல்லாம் என்னோடுதான். சாயங்காலம் ஆனால் போன் அம்மா. கண்டம் தாண்டி வந்து என்ன பிரயோசனம்? நாத்தனாரைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

ஆஸ்திரியாவில் மலைமேல் ஓர் இடத்துக்குப் போனோம். வளைந்து வளைந்து ஏறும் சாலையின் உச்சியில் ஒரு புல்வெளி, ஒரு தண்ணீர்க் குழாய், நாலைந்து வேன்கள். மாடுகளின் கழுத்து மணிச் சத்தம். கணவர் இறங்கி, போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். சிக்னல் இல்லை. எனக்கு உள்ளுக்குள் குப்பென்று ஒரு சந்தோஷம், அதோடு சேர்ந்து ஒரு பயம்.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னாலேயே மகள் கண்ணைக் கசக்கினாள். பிறகு ஆரம்பித்தாள். அன்றைக்கு இருந்த ஆங்காரம் வேறு எந்த நாளிலும் இல்லை. கணவர் கொஞ்ச நேரம் தாங்கினார். பிறகு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"கீழ எறங்கிடலாம். பாதி தூரம் போனாலே சிக்னல் கெடைக்கும். அக்கா பாடினா தூங்கிடுவா."

நான் எட்டிச் சாவியைப் பிடுங்கினேன். பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

"ஏய், இன்னா பண்ற? கொழந்த அழுவுதுடி."

"அழட்டும். எங்கிட்டதான அழுவுது? நான் பெத்த கொழந்த எங்கிட்ட அழக்கூடாதா? நீங்க வேணும்னா எறங்கி நடந்து போங்க, போயி ஒங்க அக்காகிட்ட பேசிட்டு வாங்க."

அவர் என்னை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்ப் புல்வெளியில் உட்கார்ந்தார். அடுத்த வேனிலிருந்து ஒரு வெள்ளைக்கார மூதாட்டி வந்து கதவைத் தட்டினாள். கையை நீட்டி, நான் கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டுமா என்பது போல் ஏதோ கேட்டாள். பாவம், நல்ல மனசுதான். ஆனால் இன்னொருத்தி கையா? "நோ, தேங்க் யூ" என்று கதவைச் சாத்தினேன்.

கீழ்ப்படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் கிடத்திக்கொண்டேன். அவள் உதைத்தாள், நெளிந்தாள், அத்தை அத்தை என்று சொல்லத் தெரியாததால் அந்தக் குரலிலேயே கத்தினாள். பாட வாயெடுத்தேன். பாட்டு வரவில்லை. கோபம்தான் வந்தது. பத்து மாதக் கோபம்.

"இன்னாடி வேணும் ஒனக்கு? பாலு குடுத்தேன், துணி மாத்தினேன், இன்னும் இன்னா வேணும்? அத்த வேணுமா? அத்த கடலுக்கு அந்தாண்ட இருக்குது. போறியா? எட்டாம் மாசம் ஒன்ன வயித்துல வச்சிக்கிட்டு மாடி ஏறி எறங்கி பெட்ஷீட் தொவச்சிப் போட்டது யாரு? ஒங்க அத்தயா? நானு. ஒன்னப் பாக்கறதுக்கு முன்னாடி ஒம்போது வருசம் ஊரு வாயில விழுந்து எந்திரிச்சது யாரு? நானு. எனக்குப் பாடத் தெரியாது, சரியா? பாடற அம்மா வேணும்னா வேற எடத்துல பொறந்திருக்கணும். எங்கிட்ட வந்து பொறந்துட்ட. இதான் ஒனக்குக் கெடைக்கும்."

கத்தவில்லை. திட்டிக்கொண்டே போனேன், அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் என் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். மகள் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தினேன். உடனே முகம் சுருங்கியது. மறுபடி ஆரம்பித்தேன். எதிர்வீட்டு அம்மாவைத் திட்டினேன். "அழுத்திப் பிடிக்காதே, அப்படித் தூக்காதே" என்று பாடம் நடத்திய சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் வரிசையாக இழுத்தேன். என் கணவரையும் விடவில்லை. என் காலைச் சீராக ஆட்டிக்கொண்டே திட்டினேன். அவள் இமை இறங்கியது, ஏறியது, இறங்கியது. தூங்கிவிட்டாள்.

என் காலில். என் குரலில்.

அழுதேன். சத்தம் வராமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். கதவைத் திறந்து எட்டிப்பார்த்த கணவர் உள்ளே வந்தார். தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்து ஊட்டிவிட்டார். நான் காலை அசைக்கவில்லை. மரத்துப்போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் இத்தாலி முழுக்கத் திட்டியே தூங்கவைத்தேன். ஏரிக்கரையில் ஒரு நாள், கோதுமை வயலோரம் ஒரு நாள், பெரிய லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு நாள். சிக்னல் இருந்தது. கணவர் போனைத் தொடவில்லை. மலைமேல் தூங்கவைத்த மறுநாள் காலையிலேயே நான்தான் நாத்தனாருக்குப் பேசியிருந்தேன். "தூங்கிட்டாளுங்க அண்ணி, எங்கிட்டயே" என்றேன். "அப்பிடியா" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பரிதாபம் வரவேண்டும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஊர் திரும்பினோம். நாத்தனார் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். என் மகள் ஒரு நொடி உற்றுப் பார்த்தாள், பிறகு வாயெல்லாம் சிரிப்பாக அவர்மேல் பாய்ந்துவிட்டாள். நாத்தனார் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.  அவ்வளவுதானா? அத்தனை மலை ஏறி இறங்கியதும் இதற்குத்தானா?

சாயங்காலம் நாத்தனார் தூளியைக் கட்டினார். நான் கூடத்தில் உட்கார்ந்து துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. குழந்தை சிணுங்கியது. பாட்டு தொடர்ந்தது. சிணுங்கல் அழுகையானது. வேறு பாட்டு. அழுகை வீறிடலானது. நான் எழுந்திருக்கவில்லை. என்னைக் கூப்பிடாமல் எழுந்திருக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு வியர்த்திருந்தது.

"இந்தா. ஒன்னத்தான் தேடுது" என்றார்.

பத்து மாதமாகக் காத்திருந்த வார்த்தை. வாங்கிக்கொண்டேன். காலை நீட்டிக் கிடத்திக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. அங்கே திட்டினேன் சரி, இங்கே எப்படித் திட்டுவது? நாத்தனார் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். நகர்ந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை. நான் எப்படித் தூங்கவைக்கிறேன் என்று பார்க்கவேண்டும் அவருக்கு. குழந்தை என் வாயைப் பார்த்து அழுதது.

சரி, பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன்.

"இன்னாடி அழுவுற? மாசிமாசம் ஒனக்கு ஜுரம் அடிச்சிதே, ஞாபகம் இருக்குதா? ஒங்க அத்த ஒன்னத் தூக்கிக்கினு அந்த ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கிச்சி. 'ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நீ போய்த் தூங்கு'ன்னு எனக்குச் சொல்லிச்சி. நான் தூங்கினேன்னு நெனச்சியா? கதவுக்கு இந்தாண்ட தரையில ஒக்காந்துகினு இருந்தேன்டி. விடியற வரைக்கும். நீ இருமினா நானும் எந்திரிப்பேன். கதவு தொறக்காது. தட்டலாம்னு கைய எடுப்பேன், தட்ட மாட்டேன். ஏன் தட்டல? பயம். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே நம்பிட்டேன்டி."

 காலை ஆட்டுவதை நிறுத்தவில்லை. குழந்தையின் இமை இறங்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி நாத்தனாரைப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் எனக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்காருவது தெரிந்தது.

"இதெல்லாம் எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா அண்ணி?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"மாட்டேன்" என்றார்.

பிறகு, "இன்னும் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க அண்ணி. ஜாஸ்தியாவே இருக்குது."

அவர் எழுந்திருக்கவில்லை. "சொல்லு" என்றார்.

குழந்தை அதற்குள் தூங்கிவிட்டிருந்தது. நான் சொன்னேன்.